நீலமேகம் கும்பினி

மேட்டுக்குப்பத்தில் ஆளே இல்லாத ஒருவருக்குப் பங்கு இருந்தது. வருஷம் தவறாமல் அவர் பெயரைக் கூப்பிடுவார்கள். பதில் வராது. வராது என்பது கூப்பிடுகிறவருக்கும் தெரியும், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் தெரியும். "வேயோசே கும்பினி" என்பது அவர் பெயர்.

கஸ்தூரியம்மாள் அந்தப் பெயரை அங்கே முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த வருஷம். கோயிலுக்கு முன்னால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வேலிக்கு இந்தப் பக்கம். ஊர்த்தலைவரான பெரியதனக்காரர் சுப்பராயலு தொண்டையைச் செருமிக்கொண்டு, சாமி பெயரைச் சொல்வதுபோல அதைச் சொன்னதும், புது மருமகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பச்சையம்மா, பெரியதனக்காரரின் மனைவி, முறைத்த முறைப்பில் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

அவள்மேல் குற்றமில்லை. அவள் பிறந்த சுண்ணாம்புக்குளத்தில் 'வேயோசே' என்பது வசவு. வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து மூன்று வேளையும் தின்கிறவனை அங்கே "வேயோசே மாரி குந்தினு துன்றான்" என்பார்கள். அப்படிப்பட்டவருக்குக் கோயில் வாசலில் மரியாதை என்றால் சிரிப்பு வராமல் என்ன வரும்?

சொல் வந்த வழி இது. உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், பழவேற்காட்டில் கோட்டை கட்டித் துணி வாங்கிக் கப்பலேற்றிய காலத்தில், ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு முத்திரை குத்துவார்கள். இரண்டு கையையும் மேலே விரித்த மாதிரி ஒரு கோடு. ஒரு கையில் முழு வட்டம், மறு கையில் வாய் திறந்த வட்டம். அவர்கள் பாஷையில் அந்த மூன்று எழுத்தும் வே, ஓ, சே. முத்திரை விழுந்த மூட்டையை வழியில் யாரும் தொடக்கூடாது, நிறுத்தக்கூடாது, சுங்கம் கேட்கக்கூடாது. மூட்டை போய்விட்டது, சொல் ஊரிலேயே தங்கிவிட்டது. பழவேற்காட்டுக் கடைத்தெருவில் வேயோசே என்றால் காசு கொடுக்காமல் வாங்குவது. மேட்டுக்குப்பத்துப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது மூச்சு வாங்கினால் "வேயோசே!" என்று கத்திவிட்டு நிற்பார்கள்; அப்போது தொட்டால் செல்லாது. சுண்ணாம்புக்குளத்துக்கு அது போய்ச் சேர்ந்த கதையைத்தான் சொன்னேனே. ஒவ்வொரு ஊரும் தான் சொல்வதுதான் சரி என்று சத்தியம் செய்யும். எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன, நம்பியிருக்கப் போகிறார்களா?

மேட்டுக்குப்பத்தில் அது ஒரு பங்காளியின் பெயராகவே ஆகிவிட்டது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தருகே இறால் ஓடும் தடம் ஒன்று உண்டு. அங்கே முளை நட்டு வலை கட்டினால் ஒரே இரவில் கூடை நிரம்பும். எல்லாரும் ஒரே நாளில் கட்டினால் மண்டைதான் உடையும். அதனால் முறை வைத்தார்கள். கல்யாணமான ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு முறை. அதற்குப் பாடு என்று பெயர். யார் பாடு எந்த நாள் என்று வருஷத்துக்கு ஒரு தடவை குலுக்கிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அடையாளம் கீறிய ஒரு சிப்பி. பெரியதனக்காரர் பெயரைக் கூப்பிடுவார், ஆள் "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று குரல் கொடுப்பான், சிப்பி குடத்தில் விழும். மூன்று முறை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அந்தப் பாடு போயிற்று.

கோட்டைச் சமையலுக்கு மீன் வேண்டுமென்று எந்தக் காலத்திலோ கும்பினிக்கும் ஒரு பாடு ஒதுக்கினார்களாம். பிறகு இங்கிலீஷ்காரர்கள் பழவேற்காட்டைப் பிடித்தார்கள், கோட்டை மண்மேடாயிற்று, மீன் கேட்டு வர ஆளில்லை. ஆனாலும் பங்காளி பெயரை எப்படி அடிப்பது? குரல் வராவிட்டாலும், பழைய மூட்டை முத்திரையைக் கீறிய அந்தச் சிப்பியை மட்டும் போட்டுவிடுவார்கள். கும்பினிக்கு விழும் நாளில் முகத்துவாரத்தில் யாரும் வலை கட்டக்கூடாது. அன்றைக்கென்று சுப்பராயலுவின் படகு அந்தப் பக்கம் போய்வருவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பெரிய இடத்துப் பேச்சு நமக்கேன் என்று பார்க்காதவர்கள்போல் இருந்தார்கள்.

கஸ்தூரியம்மாளின் புருஷன் நீலமேகம் அதிகம் பேசாதவன். வலைக்கு நூல் முறுக்கும்போது ஒரு முனையை அவளிடம் கொடுப்பான், மறு முனையில் அவன். பேசாமலேயே சாயங்காலம் முழுக்கப் போய்விடும். குழந்தை பிறக்கவில்லை. ஊர் அதைப் பற்றிப் பேசியது, அவன் பேசவில்லை. அதற்காகவே அவள் அவனை உயிராக நினைத்தாள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அவள் வளையலை உடைத்தார்கள். ஒரு வளையல் மட்டும் லேசில் உடையாமல் கல்லில் இரண்டு மூன்று முறை பட்டுத்தான் உடைந்தது.

காரியம் முடிந்ததும் சுண்ணாம்புக்குளத்திலிருந்து அண்ணன் சீனிவாசன் படகோடு வந்துவிட்டான்.

"மூட்டைய கட்டு, கஸ்தூரி. இங்க ஒண்டியா இன்னா பண்ணப் போற? புள்ள இல்லாதவளுக்கு இங்க பாடும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவன் சொன்னது நியாயம்தான். ஆம்பளைப் பிள்ளை இருந்தால் பாடு அவனுக்குப் போகும். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பெண்ணுக்குப் பாடு கிடையாது. பாடு இருந்தால் நீலமேகத்தோடு தொழில் செய்த நாகப்பன் பாதிப் பங்குக்கு வலை கட்டித் தருவான், மீதிப் பாதியில் ஒரு வயிறு நிம்மதியாகக் கழியும். பாடு இல்லாவிட்டால் அண்ணன் வீடுதான். அண்ணன் தங்கமானவன். ஆனால் எவ்வளவு தங்கமான அண்ணன் வீட்டிலும் அடுப்பு அண்ணியுடையது. அண்ணி ஒரு மாதம் பொறுப்பாள், இரண்டு மாதம் பொறுப்பாள். பிறகு ஒருநாள், சோறு போடும்போது, சுண்ணாம்புக்குளத்து வழக்கப்படி அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவாள். வேயோசே. அதை நினைத்துப் பார்த்தாள் கஸ்தூரியம்மாள். செத்துப்போகலாம், அந்தச் சொல்லைத் தட்டில் வாங்கித் தின்ன முடியாது என்று தோன்றியது.

"சிப்பி குலுக்கற வரைக்கும் இருந்துட்டு வரேண்ணா," என்றாள்.

"அதுல உனுக்கு இன்னா கீது?"

"பாத்துட்டு வரேன்."

அவளுக்கே தெரியாது என்ன இருக்கிறது என்று.

அந்த வருஷம்தான் பழவேற்காட்டில் கொடி மறுபடி மாறியது. இங்கிலீஷ்காரர்கள் ஊரைத் திருப்பிக் கொடுக்க, உலாந்தாக்காரர்கள் திரும்பி வந்தார்கள். குப்பத்தில் ஒரே பரபரப்பு. உலாந்தாக்காரர் வந்தால் வேயோசேயும் வருவாரே, இத்தனை வருஷத்து மீனைக் கேட்டால் என்ன செய்வது? சுப்பராயலுவுக்குத்தான் அதிகக் கவலை. காரணம் ஊருக்கே தெரியும். புதிதாக வந்த துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி வரதனை, எதற்கும் இருக்கட்டுமென்று, குலுக்கல் நாளில் கூட்டிவந்து கோயில் முன்னால் பாய் போட்டு உட்காரவைத்தார்.

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. "கீறேன்", "கீறேன்" என்று குரல்கள். நாகப்பன் பெயர் வந்தது. அதற்கடுத்து வழக்கமாக வரும் பெயர் வரவில்லை. சுப்பராயலு மூச்சுக்கூட விடாமல் அடுத்த வீட்டுக்குத் தாண்டினார். வேலிக்குப் பின்னால் நின்ற கஸ்தூரியம்மாளுக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும், புருஷன் இன்னொரு தடவை செத்ததுபோல் இருந்தது. சீனிவாசன் தூரத்திலிருந்து, கிளம்பலாமா என்று கையைக் காட்டினான்.

கடைசியாக சுப்பராயலு தொண்டையைச் செருமினார். "வேயோசே கும்பினி!"

வரதன் கையைத் தூக்கினார். "யாரைக் கூப்பிடறீங்க?"

"எங்க பங்காளிய. உங்க தொரைக்கு வேண்டியவருதானே? வந்துட்டாரா?"

"அது செத்துப்போச்சே! எத்தனையோ வருஷம் ஆச்சு. கடன் தலைக்கு மேல ஏறி, கலைச்சுட்டாங்க. இப்ப வந்திருக்கிறது ராஜாவோட ஆளுங்க."

கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு குரல்: "பங்காளி செத்தா தல முழுவணுமே, பெரியதனம்!" இன்னொருவர், இத்தனை வருஷம் கழித்துக் கேள்விப்பட்டாலும் தீட்டு உண்டா என்றார். உண்டு, ஒரு முழுக்கு போதும் என்றார் மூன்றாமவர். நாலைந்து பேர் ஏரிப் பக்கம் எழுந்தே விட்டார்கள்.

"அட, அது ஆளே இல்லை!" வரதன் பதறினார். மண்ணில் விரலால் அந்த மூன்று எழுத்தையும் கீறிக் காட்டினார். "வே-ன்னா ஒண்ணா சேர்ந்ததுன்னு அர்த்தம். ஓ-ன்னா கிழக்கிந்தியாவைச் சேர்ந்தது. சே-ன்னா கும்பினி. மூணும் சேர்ந்து ஒரு வியாபாரக் கூட்டத்தோட பேரு."

சுப்பராயலு இந்த நேரத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டார். பங்காளி வாரிசில்லாமல் செத்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அடித்தால் அந்த நாளும் மற்றவர்களுக்குப் போகும், ஊரே பங்கு போடும். தன் படகு அப்புறம் எந்த நாளில் போகும்?

"வேயோசே செத்தாரு, செரி," என்றார் நிதானமாக. "கும்பினி?"

"பெரியதனம், சே-ன்னாலே கும்பினிதான். நீங்கதான் அதுமேல இன்னொரு கும்பினியைச் சேர்த்து ரெண்டு வாட்டி சொல்றீங்க."

"ஒருத்தருக்கு இன்னாத்துக்கு ஒரே பேர ரெண்டு வாட்டி வெப்பாங்க? எங்க நைனா, அவரு நைனா அல்லாரும் இன்னா பைத்தியமா?"

இப்படிக் கேட்டவரின் இடுப்பில் அரைஞாண் கயிறு கிடந்தது. ஞாண் என்றாலே கயிறுதான் என்று அவரிடம் யார் சொல்வது? பழைய சொல்லின் அர்த்தம் மங்கிப்போனால், தெரிந்த சொல் ஒன்றைப் பக்கத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்துவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். முட்டுக்கொடுத்த சொல்லுக்கு உயிர் வந்து எழுந்து நடக்கும் என்று மட்டும் யாரும் நினைப்பதில்லை. அன்று அது நடந்தது.

"ரெண்டு பேரு இருந்தாதான் ரெண்டு பேர் சொல்லுவாங்க," என்றார் சுப்பராயலு. "வேயோசே ஆம்பள. கும்பினி அவரு சம்சாரம். சம்சாரம் மெட்ராஸ்ல கீதா இல்லியா? சிப்பாயிங்க, கொடி, குதுர அல்லாம் வெச்சிகினு ராஜாத்தி மாரி கீது. ஊருக்கே தெரியும்."

கூட்டம் தலையாட்டியது. மெட்ராஸில் கும்பினி உயிரோடு, அதுவும் கொழுகொழுவென்று இருப்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

"அது இங்கிலீஷ்காரன் கும்பினி! அதுக்கும் இதுக்கும்..." என்று வரதன் ஆரம்பித்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"புருஷன் போனா இன்னா? பொண்டாட்டி உசுரோட கீற வரைக்கும் பாடு பாடுதான். போடு சிப்பிய!"

வேலிக்குப் பின்னால் நின்ற கஸ்தூரியம்மாள் அதைக் கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்று மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். கால் தானாக வேலியைத் தாண்டிவிட்டது.

"மாமா," என்றாள்.

பெண்கள் தாண்டாத இடம். எல்லாத் தலையும் திரும்பின. "எங்கடி போற?" என்று பச்சையம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். முந்தானை கிழிந்தது, அவள் நிற்கவில்லை.

"மாமா, அந்தச் சிப்பிய இப்டி குடுங்க." அவர் கொடுக்கவில்லை. நாகப்பன் வாங்கிக் கொடுத்தான். அவள் அதைத் தூக்கிக் காட்டினாள். நூறு கை பட்டுத் தேய்ந்த கீறல், இருந்தும் தெரிந்தது. "நீங்க சொன்னது மெய்தான். இது பொம்பளதான். பாருங்க, ரெண்டு கைய விரிச்சிகினு கீறா. இந்தக் கையில முழு வளையலு. இந்தக் கையில ஒடஞ்ச வளையலு. தாலியறுத்தவ."

சிப்பியைச் சுப்பராயலு பக்கம் நீட்டினாள்.

"மொகம் தெரியாத பொம்பள. மெட்ராஸ்ல கீறா. முள நட்டதில்ல, நூலு முறுக்கினதில்ல. அவ வூட்டுக்காரரு செத்தும் அவளுக்குப் பாடு உண்டுன்னு சாமி முன்னால நீங்களே சொல்லிட்டீங்க. எங்க வூட்டுக்காரரு செத்து தெவசம்கூட வரல. அவரு வலயில பாதி நூலு நான் முறுக்கினது. எனுக்கு ஏன் இல்ல, மாமா?"

"பொம்பளைக்கு வாயப் பாரு!" என்றாள் பச்சையம்மா வேலிக்குப் பின்னாலிருந்து. "ஆம்பளைங்க நடுவுல போயி நிக்கறாளே!"

வரதன் வாயைத் திறந்தார். அது பெண்ணுமில்லை வளையலுமில்லை, வெறும் எழுத்து என்று இந்தச் சமயத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் கலைந்துவிடும். கஸ்தூரியம்மாள் அவரைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். வரதன் திறந்த வாயில் ஒரு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, மண்ணில் தான் எழுதியதைக் காலால் தேய்த்துவிட்டார். படித்தவர்கள் செய்கிற நல்ல காரியங்களில் இப்படி வாயை மூடிக்கொள்வதும் ஒன்று, அடிக்கடி நடப்பதில்லை.

"மெட்ராஸ் பொம்பளைக்கு ஒரு நாயம், நம்ம பொம்பளைக்கு ஒரு நாயமா?" என்றான் நாகப்பன். பாதிப் பங்கு அவனுக்கும் வரும் என்பது உண்மைதான். அதனால் அவன் கேட்டது பொய்யாகிவிடாது.

சுப்பராயலு குடத்தைப் பார்த்தார், சிப்பியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். இவளுக்கு இல்லை என்றால் கும்பினிக்கும் இல்லை. தன் வாயால் போட்ட முடிச்சு, தன் பல்லால்தான் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் படகுக்கு நாள் இல்லை.

"போட்டுத் தொலைங்க," என்றார்.

அடுத்த சிக்கல் என்ன பெயரைக் கூப்பிடுவது என்பது. நீலமேகம் உயிரோடில்லை. பெண் பெயரைக் கோயில் முன்னால் கூப்பிடும் வழக்கமில்லை. சுப்பராயலுவின் உதடு இரண்டு மூன்று தடவை அசைந்து நின்றது. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் கூப்பிட்டார்.

"நீலமேகம் கும்பினி!"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். கஸ்தூரியம்மாள் புருஷன் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னவளில்லை. இப்போது அந்தப் பெயருக்கு அவள் பதில் சொல்ல வேண்டும்.

"கீறேன்," என்றாள்.

சீனிவாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கச்சியைக் கூட்டிப்போக வந்த படகில் அவன் மட்டும் திரும்பினான்.

அதற்குப் பிறகு மேட்டுக்குப்பத்தில் கும்பினி என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: புருஷன் பாடு தாங்குகிறவள். அடுத்த வருஷம் இன்னொருத்தி வேலியைத் தாண்டினாள். அதற்கடுத்த வருஷம் அந்த இடத்தில் வேலியே இல்லை. "அவ கும்பினிடா, சும்மா இல்ல" என்று கடன் கொடுக்கிறவன்கூட மரியாதையாகச் சொல்வான். பழவேற்காட்டிலிருந்து மீன் வாங்க வந்த ஒருவர், இந்தக் குப்பத்தில் இத்தனை கும்பினி எப்படி என்று குழம்பித் திரும்பிப் போனாராம். கஸ்தூரியம்மாள் தன் பாடு விழுந்த நாளில் கரையில் போய் நிற்பாள். நாகப்பன் வலையைத் தூக்கும்போது கணுக்கால் ஆழத்தில் இறங்கி ஒரு முனையைப் பிடிப்பாள். நன்றாகவே வாழ்ந்தாள். பச்சையம்மாவோடு மட்டும் பேசுவதில்லை. கிழிந்த முந்தானையை அவள் தைக்காமலேயே வைத்திருந்தாள்.

சில வருஷம் போய் சுப்பராயலு கடலில் உயிரை விட்டார். மகன் இல்லை. மகள்கள் இருவரும் வெளியூரில். குலுக்கல் நாளில், புதுப் பெரியதனக்காரர் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வர, கும்பினிகள் வரிசையில் கடைசியாக வந்து நின்றாள் பச்சையம்மா. வெறும் கையோடு, தலையைக் குனிந்துகொண்டு. நின்றது கஸ்தூரியம்மாளுக்குப் பக்கத்தில்.

"சுப்பராயலு கும்பினி!"

பச்சையம்மாவின் வாய் திறக்கவில்லை. வாழ்நாள் முழுக்க நாக்கில் வராத பெயர். அதற்கு எப்படிப் பதில் சொல்வாள்?

"சுப்பராயலு கும்பினி!"

குரல் இல்லை. எல்லாரும் பார்த்தார்கள். ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுக்க முடியாது. கஸ்தூரியம்மாளுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் எழுந்தது. இல்லை என்று சொன்னால் பொய். என் வாயை மூடப் பார்த்தவள், இப்போது வாய் திறக்க முடியாமல் நிற்கிறாள். நிற்கட்டும். பக்கத்தில் நின்றவளின் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் வளையல் கீறிய காயம் இன்னும் ஆறவில்லை. அவளுக்கும் ஒரு வளையல் லேசில் உடைந்திருக்காது.

பெரியதனக்காரர் மூன்றாவது தடவைக்கு மூச்சை இழுத்தார். "சுப்பராயலு கும்பினி!"

கஸ்தூரியம்மாள் பச்சையம்மாவின் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஐயோ!" என்று அலறினாள் பச்சையம்மா.

"இதெல்லாம் ஒரு பதிலா?" என்றான் ஒருவன்.

"கொரலு வந்துச்சி இல்ல?" என்றார் பெரியதனக்காரர். "போடு சிப்பிய."

சிப்பி குடத்தில் விழுந்தது. பச்சையம்மா இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, நிரம்பிய கண்ணோடு திரும்பினாள். "பாவி, கன்னிப்போயிருக்கும்டி," என்றாள்.

"வூட்டுக்கு வாக்கா, எண்ண தடவறேன்," என்றாள் கஸ்தூரியம்மாள்.